‘மீட்கப்பட்டார்’ என்பதற்கு அடுத்த வரி

பேருந்து நிலையத்தில் மனநோயோடு பல மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் போலீசாரும் தன்னார்வலர்களும் மீட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி எடுத்த படமும் பக்கத்தில் இருக்கும். ‘முன்பு’, ‘இப்போது’ என்று இரண்டு படங்கள் போடுவதும் உண்டு. அவர் சம்மதம் கேட்டுத்தான் எடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. ‘காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்’ என்பதோடு செய்தி முடிந்துவிடும்.

எந்தக் காப்பகம்? எத்தனை நாளைக்கு? மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்த பிறகு எங்கே போவார்? ஊரும் வீடும் நினைவுக்கு வந்து, அந்த வீட்டார் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்? இதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கும் நடப்புக்கும் நடுவே பெரிய பள்ளமும் இருக்கிறது. அந்தப் பள்ளம் எங்கே, எதனால் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எல்லாமே ‘காப்பகம்’ இல்லை

குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லால் வருகிறது. நடைமுறையில் ஐந்து வேறு வேறு இடங்களுக்கு இதே பெயரைச் சொல்கிறோம்.

1. வீடற்றோர் தங்குமிடம். தெருவில் படுப்பவர்களுக்கு இரவில் ஒரு கூரை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2013 முதல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இதற்குத் தனித் திட்டம் வந்தது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது அதன் கணக்கு. மனநல சிகிச்சைக்காக அமைத்த இடம் இல்லை இது. யாருமில்லாதபோதும் குரல்கள் கேட்கின்றன என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பவரைப் பக்கத்துப் பாய்க்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

2. மனநல மருத்துவமனை. தமிழ்நாட்டில் இதன் மூத்த பிள்ளை 1794இல் தொடங்கி, 1871இல் இன்றைய இடத்துக்கு வந்த சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. நோய் முற்றிய நிலையில் சிகிச்சை தருவதுதான் இதன் வேலை, குடியிருப்பு தருவது இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. மறுவாழ்வு இல்லம். பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை, சிலவற்றுக்கு அரசு மானியம் உண்டு. பலரை ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு.

4. இடைநிலை இல்லம். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர் நேரடியாகத் தனியே வாழத் தயாராக இல்லாதபோது சில மாதங்கள் தங்கிப் பழகும் இடம். சமைக்க, கடைக்குப் போக, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ள, வேலை தேட இங்கே மறுபடி பழகிக்கொள்கிறார்.

5. ஆதரவுடன் கூடிய வீடு. ஊருக்குள், சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்தோ தனியாகவோ இருக்கலாம். தேவைக்கேற்ப ஓர் உதவியாளர் கூடவே இருப்பார் அல்லது வந்து போவார். இங்கே வாசல் சாவி குடியிருப்பவர் கையில் இருக்கும்.

முதல் மூன்றும் ஓரளவுக்கு இருக்கின்றன. நாலாவது அபூர்வம். ஐந்தாவதை விரல்விட்டு எண்ணும் அமைப்புகள்தான் நடத்துகின்றன. ஆனால் ஒருவரது வாழ்நாளில் மிக நீண்ட காலத்துக்குத் தேவைப்படுவது அந்த ஐந்தாவதுதான்.

தெருவுக்கு வந்த வழி

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற தீவிர மனநோய்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன? பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள். நம் ஊரில் மனநோயாளிக்கான ‘வீட்டுவசதித் திட்டம்’ என்று ஒன்று இயங்குகிறது என்றால், அது அம்மாவின் வீடுதான்.

அந்த ஏற்பாடு உடைவது ஒரே நாளில் நடப்பதில்லை. நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பேய், செய்வினை, காதல் தோல்வி, திமிர் என்று ஒவ்வொரு பெயராக வைத்துப் பார்த்து, கோயில், தர்கா, தேவாலயம் என்று அலைந்து, மருத்துவரிடம் வரும்போது சில ஆண்டுகள் போயிருக்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும். அப்போதே வருமானம் பாதி. கடன் ஏறும். பெண்ணாக இருந்தால் கணவர் வீடு அம்மா வீட்டுக்கு அனுப்பும். அம்மா இறந்ததும் அண்ணன் வீடு. அங்கே அண்ணிக்குப் பிடிக்காது என்பார்கள். அண்ணியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். அவர் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளையும் ஒரு மாமியாரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிலர் நோயின் உச்சத்தில் யாரோ துரத்துவதாக நம்பி ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிடுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் இறங்கிய பிறகு திரும்பிப் போகும் வழி தெரியாது, கேட்டாலும் புரியாது. சென்னைத் தெருவில் மீட்கப்படுபவர்களில் இந்தியோ வங்காளமோ ஒடியாவோ பேசுபவர்கள் இருப்பது இதனால்தான். தமிழ்நாட்டுக்காரர்கள் வடக்கே கண்டெடுக்கப்படுவதும் இதே கதைதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். முதலில் வீடு போய், பிறகு நோய் வருபவர்கள் உண்டு. தெருவில் தூக்கம் இல்லை. பெண்களுக்கு ஒவ்வொரு இரவும் பயம். தூக்கமின்மையும் தொடர் பயமும் மனநோயைக் கிளறிவிடும் என்பது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். எது முதலில் வந்தது என்ற ஆராய்ச்சி உதவி செய்ய வருபவருக்குப் பெரிதாகப் பயன்படாது. வீடும் சிகிச்சையும் இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும்.

ஏர்வாடிக்குப் பிறகு வந்த சட்டம்

2001 ஆகஸ்ட் 6, விடியும் முன். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த இல்லங்கள் மூடப்பட்டு, உள்ளே இருந்தவர்களை வீட்டுக்கும் அரசு மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள்.

குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுபோய் விட்டன என்பதுதான் நம் கட்டுரைக்கு முக்கியம். நம்பிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை: மாதம் ஒரு தொகை கொடுத்தால் நீண்ட நாள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேறு இடமே கிடையாது. அந்தச் சங்கிலிக்குப் பின்னால் ஒரு குடியிருப்புப் பிரச்சினையும் இருந்தது.

2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையை உரிமையாக மாற்றியது. வீடு தொடர்பாக அதில் கவனிக்க வேண்டியவை:

1. பிரிவு 100. மனநோய் இருப்பதாகத் தோன்றும் ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிந்தால், அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையப் பொறுப்பதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். இது அதிகாரியின் கருணை இல்லை, கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் ‘காணாமல் போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால் வீட்டிலோ, வீடில்லாவிட்டால் வீடற்றோருக்கான அரசு நிலையத்திலோ விட வேண்டும்.

2. பிரிவு 18. மருந்தும் மருத்துவரும் மட்டும் போதாது. இடைநிலை இல்லம், ஆதரவுடன் கூடிய தங்குமிடம் ஆகியவையும் அரசு தர வேண்டிய சேவைகளின் பட்டியலில் இருக்கின்றன.

3. பிரிவு 19. இந்தக் கட்டுரையின் அச்சாணி இதுதான். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் அதற்கான இல்லங்கள் இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. குடும்பம் கைவிட்டிருந்தால், குடும்ப வீட்டில் வாழும் உரிமையை அவர் பெறுவதற்குச் சட்ட உதவி உட்பட அரசு துணை நிற்க வேண்டும். குழு இல்லங்கள், இடைநிலை இல்லங்களை நியாயமான காலத்துக்குள் ஏற்படுத்த வேண்டும்.

4. பிரிவு 21. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தெருவில் கைக்குழந்தையோடு மீட்கப்படும் பெண்களுக்கு இது உயிர்நாடி. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் விலக்கு உண்டு.

5. பிரிவு 95. எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது.

‘நியாயமான காலத்துக்குள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை ஆண்டு நியாயம் என்று சட்டம் சொல்லவில்லை. பள்ளம் தோன்றிய இடம் அதுதான்.

குணமான பிறகும் வார்டு

குடும்பத்தோடு சேர்த்துவைப்பது நடக்காமல் இல்லை. மும்பைக்கு அருகே கர்ஜத்தில் மருத்துவர் பரத் வட்வானியின் ஷ்ரத்தா அமைப்பு இதையே முழுநேர வேலையாகச் செய்துவருகிறது. 2018இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. தெருவிலிருந்து கூட்டிவந்து, சிகிச்சை கொடுத்து, பேச்சில் வரும் ஓர் ஆற்றின் பெயரையோ ஒரு ரயில் நிலையத்தின் பெயரையோ பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விடுகிறார்கள். இறந்துவிட்டார் என்று காரியம் செய்து முடித்த வீட்டில் மகன் வந்து நிற்பான்.

இப்படிப் போனவர்களை விட்டுவிடுவோம். போக முடியாதவர்கள்?

2019இல் வெளிவந்த ஒரு தேசிய அறிக்கை நாடெங்கும் 43 அரசு மனநல மருத்துவமனைகளைக் கணக்கெடுத்தது. உள்ளே இருந்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருப்பவர்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். சட்டப்படி, நோயின் கடுமையில் தானே முடிவெடுக்க முடியாத ஒருவர் மற்றவர் துணையோடு சேர்க்கப்பட்டால் முதல் கட்டச் சேர்க்கை 30 நாள்தான். அதற்கு மேல் நீட்டிக்கத் தனி நடைமுறை உண்டு. 30 நாளுக்கு வந்தவர்கள் பத்து, இருபது ஆண்டு தங்குகிறார்கள். எல்லோருக்கும் நோய் தீராததால் இல்லை. பலருக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத ஒரு முகவரி இல்லை.

2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்து, அங்கே தங்கியிருந்த 150க்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள். யாருக்கு ஓட்டு என்று யோசித்துத் தீர்மானிக்கும் அளவு தெளிவாக இருக்கும் குடிமக்கள் என்பதற்கு அத்தாட்சி. அத்தனை தெளிவாக இருந்தும் ஏன் மருத்துவமனைக்குள் இருக்கிறார்கள் என்ற கேள்வி அன்றைய கொண்டாட்டத்தில் மறைந்துபோனது.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. வழக்கறிஞர் கௌரவ் குமார் பன்சால் தொடுத்த பொதுநல வழக்கில், குணமானவர்களுக்கு இடைநிலை இல்லங்கள் வேண்டும் என்று நீதிமன்றம் 2017 முதல் மாநிலங்களிடம் சொல்லிவருகிறது. சில மாநிலங்கள் என்ன செய்தன தெரியுமா? இருந்த முதியோர் இல்லத்துக்கும் பெண்கள் காப்பகத்துக்கும் ‘இடைநிலை இல்லம்’ என்று புதுப் பெயர்ப் பலகை மாட்டின. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் இதைக் கையும் களவுமாகப் பிடித்து, பெயர் மாற்றம் வெறும் கண்துடைப்பு, ஏற்க முடியாது என்றது. அரசுக் கோப்புகளில் ‘இல்லங்கள் உள்ளன’ என்று எண்ணிக்கை காட்டினால், அவை எந்த வகை இல்லங்கள் என்று கேட்பது இதனால்தான் அவசியம்.

தமிழ்நாட்டில் நல்ல மாற்றம் ஒன்றும் நடந்திருக்கிறது. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்து, வீடற்ற மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை அரசு தொடங்கியிருக்கிறது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் சொந்த மாவட்டத்திலேயே சிகிச்சை கிடைப்பதால் குடும்பத்தைத் தேடுவதும் சுலபம். ஆனால் பெயரிலேயே இருக்கிறது: அது அவசரத்துக்கு. அவசரம் முடிந்தபின் அடுத்த வாசல் திறக்காவிட்டால் இந்த மையமும் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும், புதிதாக வருபவருக்குப் படுக்கை இருக்காது.

வீட்டை முதலில் கொடுத்தால்?

பழைய முறை ஒரு படிக்கட்டு மாதிரி. முதலில் மருந்து சாப்பிடு, ஒழுங்காக நட, குடியை விடு, வேலை கற்றுக்கொள். எல்லாம் சரியாக இருந்தால் கடைசிப் படியில் வீடு. நடுவில் சறுக்கினால் மறுபடி கீழே. இதில் மேலே போய்ச் சேர்பவர்கள் குறைவு. தினமும் எங்கே படுப்பது என்று தெரியாதவர் வேளா வேளைக்கு மாத்திரை சாப்பிடுவது எப்படி? மாத்திரையை எந்த அலமாரியில் வைப்பார்?

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்தப் படிக்கட்டைத் தலைகீழாக்கினார். நிபந்தனை போடாமல் முதலில் வீடு, அதன்பின் அவர் விரும்பும் வேகத்தில் சிகிச்சை. ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ என்ற பெயரில் அது பரவியது. இதைப் பெரிய அளவில் சோதித்தது கனடா. 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரண்டோ, மாண்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில், மனநோயுடன் வீடற்றிருந்த 2,000க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு முதலில் வீடு, மறு தரப்புக்கு வழக்கமான சேவைகள். ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில், வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். மறு தரப்பில் 31 விழுக்காடு. சரியாக இரு மடங்கு.

இதே ஆய்வின் இன்னொரு முடிவை ஆதரவாளர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள். நோயின் அறிகுறிகள் குறைந்தது இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதாவது வீடு மருந்துக்கு மாற்று ஆகாது. குரல்களை வீடு நிறுத்திவிடாது. குரல் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் இடம் தரும். அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

நம் ஊரில் இதற்கு இணையான முயற்சி சென்னையிலிருந்துதான் வந்தது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் தொடங்கிய தி பேனியன் என்ற தொண்டு நிறுவனம், முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்ற இல்லத்தை, வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக நடத்திவந்தது. பலர் தெளிந்து ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அரசு மருத்துவமனையில் என்ன நடந்ததோ அதுவே அக்கறையோடு நடத்தப்பட்ட இடத்திலும் நடந்தது. நிர்வாகம் நல்லதா கெட்டதா என்பதைத் தாண்டிய சிக்கல் இது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2015இல் ‘ஹோம் அகெய்ன்’ (மீண்டும் வீடு) என்ற திட்டத்தை தி பேனியன் தொடங்கியது. ஊருக்குள் வாடகைக்கு வீடு பிடித்து, யாரோடு யார் இருக்க விருப்பம் என்று கேட்டு, நாலைந்து பேரைக் குடிவைப்பது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று உதவியாளர்களாக இருக்கிறார்கள். இன்று என்ன குழம்பு என்பதைக் குடியிருப்பவர்களே முடிவு செய்வார்கள். கேட்கும்போது சின்ன விஷயம். இருபது ஆண்டு மணியடித்தால் தட்டை நீட்டியவருக்கு அது சின்ன விஷயமில்லை. கேரளம், மகாராஷ்டிரம், அசாம் என்று இந்த முறை பரவியிருக்கிறது.

கனடா மாதிரியும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பெரும்பாலும் ஆளுக்கொரு தனி வீடு, அரசு வாடகை மானியம். இங்கே சேர்ந்து வாழும் வீடு. செலவு ஒரு காரணம். தனி வீட்டில் ஒற்றைப் பெண் இருப்பதை நம் தெரு எப்படிப் பார்க்கும் என்பது இன்னொரு காரணம். கூட்டுக் குடித்தனம் பழகியவர்களுக்குத் தனிமையே நோயாகிவிடும் என்பது மூன்றாவது.

எதிர்ப்பாடம் ஒன்றும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் 1955இல் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் அவற்றைக் காலி செய்தார்கள். ஊருக்குள் மையங்கள் வரும் என்று 1963இல் சட்டம் போட்டார்கள். போதுமான மையங்களும் வரவில்லை, வீடுகளும் வரவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். ‘எல்லோரையும் டிஸ்சார்ஜ் செய்’ என்ற உத்தரவு வீடு இல்லாமல் வந்தால் நடப்பது அதுதான்.

வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் கதை

தெருவுக்கு வந்தவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தெருவுக்கு வராமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை மறந்துவிடுவோம். இவர்களுக்கு உதவுவதுதான் எல்லாவற்றிலும் செலவு குறைவு.

முதல் நெருக்கடி ஹவுஸ் ஓனர். மகன் இரவில் கத்தினான், அடுத்த வீட்டுக்காரர் புகார் சொன்னார், ‘மாசக் கடைசிக்குள் காலி பண்ணிடுங்க’. புது வீடு பார்க்கும்போது விஷயத்தை மறைக்க வேண்டும். மறைத்தால் மகனை வெளியே விட முடியாது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று சொன்னாலும். மாதம் 8,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கையில் 80,000 ரூபாய் வேண்டும். இரண்டு முறை மாறினால் கடன் கழுத்தைப் பிடித்துவிடும்.

இரண்டாவது நெருக்கடி உதவித்தொகை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகை ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றால் சலுகைகள் உண்டு. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு வேண்டும். அதில் மத்தியப் பங்கு மாதம் 300 ரூபாய். அதன்மேல் மாநிலம் போடுவதுதான் கையில் வரும். கால் இல்லாதவருக்கு அளவுகோல் கண்ணுக்குத் தெரியும். மனநோய்க்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், பழகுதல், பேசுதல், வேலை ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். மாத்திரையில் நன்றாக இருக்கும் நாளில் பரிசோதனைக்குப் போனால் மதிப்பெண் குறையும். நன்றாக இருந்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாவது, பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி: ‘எங்களுக்குப் பிறகு?’ இதில் குழப்பம் அதிகம், ஆகவே வரிசையாக:

1. மனநோய் இருக்கிறது என்பதற்காகச் சொத்தில் பங்கு போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 28 இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ‘அவனுக்கு எதுக்குப் பங்கு, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று அண்ணன் தம்பிகள் சொல்வது பாசமாகவும் இருக்கலாம். சட்டம் அதுவல்ல.

2. மனநலச் சட்டத்தின் ‘நியமனப் பிரதிநிதி’, அதாவது நோயாளி தன் சார்பில் நியமிப்பவர், சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு மட்டும். அவர் வீட்டை விற்கவோ வாடகை வாங்கவோ முடியாது.

3. 1987ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2017 சட்டத்தில் அது இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளர் நியமனத்துக்கு வழி தருகிறது. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு. மனநோய் அதில் சேராது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வரம்புக்குட்பட்ட காப்பாளர் முறை இருக்கிறது, அது அந்தந்த முடிவுக்கு மட்டும், அவரோடு கலந்துபேசி.

4. ஆகவே விவரம் தெரிந்த குடும்பங்கள் செய்வது: பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதி, மகனுக்கோ மகளுக்கோ அந்த வீட்டில் வாழ்நாள் அனுபவ உரிமை தந்து, அதற்குப் பின் யாருக்கு என்று குறிப்பிடுவது. அல்லது தனியார் அறக்கட்டளை ஒன்று ஏற்படுத்தி வீட்டையும் வைப்புத் தொகையையும் அதன் பெயரில் வைப்பது. இதற்கு வக்கீல் வேண்டும், சொத்தும் வேண்டும். வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு இரண்டும் கிடையாது.

அரசு வீட்டுத் திட்டங்களில் இவர்கள் எங்கே?

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு வீட்டு ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு கேட்கிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. தாளில் இது பெரிய கதவு. ஆனால் வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ‘குடும்பம்’ என்பதை அலகாக வைத்திருக்கின்றன. கணவர், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ரேஷன் கார்டு, ஆதார், இருப்பிடச் சான்று கேட்பார்கள். கணவர் விட்டுப்போய், தெருவில் ஐந்தாண்டு இருந்து, மருத்துவமனையில் மூன்றாண்டு இருந்த 45 வயதுப் பெண்ணிடம் இவற்றில் எது இருக்கும்? நாலு தோழிகள் சேர்ந்து ஒரு வீடு கேட்டால் விண்ணப்பத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

நகரத்துக்கு வெளியே கட்டும் மறுகுடியமர்வு அடுக்குமாடிகளிலும் ஒரு சிக்கல். வீடு கிடைக்கும், மாத்திரை கிடைக்கும் மருத்துவமனை இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும். மாதாந்திர ஊசி தவறினால் மூன்றாவது மாதம் நோய் திரும்பும், ஆறாவது மாதம் வீடும் போகும். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. ஒதுக்கும் வீட்டையும் அந்தத் திட்டத்தின் மருத்துவர் வந்துபோகும் நாளையும் ஒரே கோப்பில் பார்க்கும் அதிகாரி எவரும் இல்லை. வீடு ஒரு துறை, மருந்து ஒரு துறை, உதவித்தொகை மூன்றாவது துறை.

தெருவில் ஒருவரைப் பார்த்தால்

நடைமுறைக்கு வருவோம்.

1. படம் எடுத்துப் பரப்ப வேண்டாம். சாப்பாடு, தண்ணீர் கொடுத்து, முடிந்தால் பெயரையும் எந்த மொழி பேசுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. காவல் நிலையத்துக்குச் சொல்லும்போது ‘மனநலச் சட்டம் பிரிவு 100’ என்று குறிப்பிடுங்கள். உடல் காயமோ கர்ப்பமோ தெரிந்தால் முதலில் 108.

3. உங்கள் வீட்டிலேயே யாருக்காவது சிக்கல் என்றால் 14416, ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

4. எந்த இல்லத்தில் சேர்த்தார்கள், அதற்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, ‘காணாமல் போனவர்’ முதல் தகவல் அறிக்கை பதிந்தார்களா என்று ஒரு வாரம் கழித்துப் போய்க் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.